புளிக்கு அரபு வணிகர் வைத்த பெயர்

நமது செட்டியார்பட்டிக் கடைத்தெருவில் அரிசி வைக்காத கடை உண்டு. எண்ணெய் விற்காத கடையும் உண்டு. புளி இல்லாத மளிகைக் கடையைக் காண்பது அரிது. அம்பது கிராம் கேட்டு வரும் சிறுவன் முதல், கல்யாண வீட்டுச் சமையலுக்குச் சிப்பமாக எடுத்துப் போகும் மேஸ்திரி வரை எல்லோருக்கும் வேண்டிய சரக்கு இது. அப்படிப்பட்ட சரக்கை வெளியுலகம் எந்தப் பெயரில் வாங்கி விற்கிறது என்று கேட்டால், ‘டாமரிண்ட்’ என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். அது வெள்ளைக்காரர் வைத்த பெயர் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது அரபு நாட்டு வணிகர் வைத்த பெயர். ஆங்கிலேயர் அதைக் கைமாற்றாக வாங்கியவர்கள்தாம்.

அரபு மொழியில் ‘தம்ர்’ என்றால் உலர்ந்த பேரீச்சம்பழம். ‘ஹிந்தீ’ என்றால் இந்தியாவைச் சேர்ந்தது. ‘தம்ர் ஹிந்தீ’ என்றால் ‘இந்தியப் பேரீச்சை’ என்று பொருள். இந்த இரண்டு சொற்களும் ஒன்றாக ஒட்டி, லத்தீன் மொழியில் ‘தமரிந்துஸ்’ ஆயின. ஸ்பானியரும் இத்தாலியரும் ‘தமரிந்தோ’ என்றனர். பிரெஞ்சுக்காரர் வால் பகுதியை விழுங்கி ‘தமரேன்’ என்றனர். ஆங்கிலேயர் ‘டாமரிண்ட்’ என்றனர். இவர்களில் யாருக்கும் தாங்கள் பேரீச்சம்பழத்தின் பெயரைச் சொல்லிப் புளி வாங்குகிறோம் என்ற நினைவு இல்லை.

புளிக்கும் பேரீச்சைக்கும் என்ன உறவு? ஒன்று நாக்கைக் கூசவைக்கும், மற்றொன்று தித்திக்கும். ஒன்று ஓங்கி வளர்ந்து கிளை பரப்பி நிழல் தரும் மரம். மற்றொன்று கிளையில்லாத பனை இனம். மரத்தைப் பார்த்தவன் எவனும் இந்தப் பெயரை வைத்திருக்க மாட்டான். ஆனால் சரக்கை மட்டும் பார்த்தவனுக்கு இந்தப் பெயர் தானாகவே வாயில் வரும். நமது கடையில் அழுத்திக் கட்டிய பேரீச்சம்பழக் கட்டியையும், கொட்டையோடு மிதித்துக் கட்டிய பழம்புளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இரண்டும் கறுத்த பழுப்பு. இரண்டும் பிசுக்குப் பிசுக்கென்று கையில் ஒட்டும். இரண்டிலும் சதைக்குள் கொட்டை. இரண்டும் காற்றுப்படாமல் அழுத்தி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. துறைமுகத்தில் மூட்டையைப் பிரித்துப் பார்த்த அரபு வணிகருக்கு, தம் ஊரில் நாளும் புழங்குகிற சரக்கு நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

இதை நாம் புதிதாகச் சொல்லவில்லை. கோவாவில் இருந்த கார்சியா த ஓர்தா என்ற போர்த்துக்கீசிய மருத்துவர் இந்தியச் சரக்குகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, 1563-ஆம் ஆண்டு கோவாவிலேயே அச்சிட்டார். அதில் புளிக்கு ஒரு பகுதி உண்டு. மலபாரில் இதன் பெயர் ‘புளி’ என்றும், குஜராத்தில் ‘அம்பிலி’ என்றும் சரியாகவே குறித்திருக்கிறார். உள்ளே கொட்டை இருப்பதால்தான் அரபியர் இதைப் பேரீச்சை என்றனர், மரத்துக்கோ பழத்துக்கோ வேறு ஒற்றுமை கிடையாது என்பது அவர் கருத்து. நமது ‘புளி’ என்ற சொல் நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பியர் அச்சுப் புத்தகத்தில் ஏறிவிட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஏறியும் அது வழக்கில் நிலைக்கவில்லை. அதற்குள் அரபுப் பெயர் அங்கே வேரூன்றிவிட்டது.

புதிய சரக்குக்குத் தெரிந்த சரக்கின் பெயரை வைப்பது அரபியருக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை. அவர்கள் தேங்காயையும் ‘இந்தியக் கொட்டை’ என்ற பொருளில்தான் அழைத்தார்கள். நாமும் இதையே செய்திருக்கிறோம். போர்த்துக்கீசியர் வருவதற்கு முன் தமிழ்நாட்டில் மிளகாய் கிடையாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அந்தக் காய் வந்தபோது, உறைப்புக்கு நாம் அதுவரை நம்பியிருந்த மிளகின் பெயரையே அதற்குச் சூட்டி ‘மிளகாய்’ என்றோம். இன்று விருதுநகர் மண்டியில் வற்றல் மூட்டை மூட்டையாகப் புரள்கிறது. பெயரில் மட்டும் மிளகு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் கூறு கட்டி விற்கும் கொடுக்காப்புளியும் அப்படித்தான். மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த மரம் அது. புளிய மரத்துக்கு நெருங்கிய உறவுமில்லை. காய் சுருண்டிருந்ததைப் பார்த்து நாம் புளி என்றோம். ஆங்கிலேயரும் அதை ‘மணிலா டாமரிண்ட்’ என்றே சொல்கிறார்கள்.

வந்த ஊரே பெயராகிவிடுவதும் உண்டு. நமது பக்கத்தில் வெள்ளைச் சர்க்கரைக்குச் ‘சீனி’ என்று பெயர்; சீனத்திலிருந்து வந்தது என்பது பொருள். கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் பழைய ஆட்கள் அதையே ‘அஸ்கா’ என்பார்கள். அஸ்கா என்பது ஒரிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் உள்ள ஊர். அந்த மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில் அங்கிருந்த ஆலைச் சர்க்கரை கொங்கு நாட்டுக்கு வந்தது. மூட்டையின் மேல் இருந்த ஊர்ப்பெயர் சரக்கின் பெயராகிவிட்டது. மலாய்க்காரர் புளியை ‘அசாம் ஜாவா’ என்கிறார்கள்; ஜாவாப் புளிப்பு என்று பொருள். அவர்களுக்கு அது ஜாவாவிலிருந்து வந்த சரக்கு.

மருந்துக் கடை வழியாகப் போன சொல்

ஐரோப்பாவில் புளி முதலில் சமையலறைக்குள் போகவில்லை. அது மருந்துக் கடையில்தான் இறங்கியது. அரபு மருத்துவர்கள் புளியைப் பித்தம் தணிக்கவும் வயிறு இளக்கவும் கொடுத்து வந்தனர். பதினொன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலிக்குப் போன கான்ஸ்டன்டைன் என்பவர் அரபு மருத்துவ நூல்களை லத்தீனில் மொழிபெயர்த்தார். அவரும் அவர் வழியில் வந்தவர்களும் செய்த மொழிபெயர்ப்புகளின் மூலம் அரபு மருத்துவச் சரக்குகளின் பெயர்கள் ஐரோப்பியருக்குப் பழக்கமாயின. நூலில் பெயர் அரபில் இருந்தால், மருந்துச் சீட்டிலும் பெயர் அரபில்தான் இருக்கும். மருந்துச் சீட்டில் உள்ள பெயரைச் சொல்லித்தான் கடையில் கேட்பார்கள். கடைக்காரரும் அந்தப் பெயரில்தான் கொள்முதல் செய்வார். பெயர் ஊன்றிப்போன விதம் இதுதான்.

புளி வயிற்றை இளக்கும் என்பதை மருத்துவர் மட்டுமல்ல, கடற்கொள்ளையரும் அறிந்திருந்தார்கள். மார்க்கோ போலோ தம் பயண நூலில் குஜராத் கடலோரக் கொள்ளையரைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். கப்பலைப் பிடித்ததும் அவர்கள் வணிகர்களைப் பிடித்து உட்காரவைத்து, புளியைக் கடல்நீரில் கரைத்துக் குடிக்கச் செய்வார்களாம். கொள்ளையரைக் கண்டதும் முத்தையும் மணியையும் விழுங்கிவிடுவது அக்கால வணிகரின் வழக்கம். புளித்தண்ணீர் உள்ளே போனால் விழுங்கியது வெளியே வந்துவிடும். சரக்கைக் காப்பாற்ற வயிற்றையே பெட்டியாக்கிய நம் முன்னோர் தொழிலையும், அந்தப் பெட்டிக்கு நம் சரக்கையே சாவியாக்கிய கொள்ளையரின் கெட்டிக்காரத்தனத்தையும் எண்ணிப் பார்க்கலாம். இன்று வழிப்பறி வேறு வடிவில் வருகிறது. அது இந்தக் கட்டுரைக்குரியதல்ல.

அதே மார்க்கோ போலோ நமது பாண்டி நாட்டுக்கும் வந்தவர். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் ஹோர்முஸ், ஏடன் பக்கத்துக் கப்பல்கள் குதிரைகளோடு வந்து நின்றதை எழுதியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதி அது. அரபு வணிகர் நமக்குத் தொலைவில் இருந்த அந்நியர் அல்லர். நமது மாவட்டத்துக்குத் தெற்கே வண்டிப் பயணத்தில் எட்டும் துறையில் நின்று பேரம் பேசியவர்கள். இங்கிருந்து மேற்கே கடல் கடந்து போன சரக்கு பெரும்பாலும் அவர்கள் கை வழியாகவே போயிற்று.

அவர்கள் கை வழியாகப் போன வேறு சில சொற்களையும் நாம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வடமொழிச் ‘சர்க்கரா’ பாரசீகத்தில் ‘ஷக்கர்’ ஆகி, அரபில் ‘சுக்கர்’ ஆகி, இத்தாலியில் ‘ஸுக்கெரோ’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஷுகர்’ ஆயிற்று. கற்கண்டில் உள்ள ‘கண்டு’ என்ற சொல்லின் உறவான ‘கண்ட’, அரபில் ‘கந்த்’ ஆகி, ஆங்கிலேயரின் ‘கேண்டி’யாக நமது கடைக்கே கண்ணாடிப் பாட்டிலில் திரும்பி வந்திருக்கிறது. ஊறுகாய்க்குப் போகும் நாரத்தையின் பெயரும், ‘நாரங்க’ என்றும் ‘நாரஞ்ச்’ என்றும் உருமாறி ஸ்பானியரின் ‘நாரங்ஹா’வாகவும் ஆங்கிலேயரின் ‘ஆரஞ்சா’கவும் ஆனது. அந்தச் சொல்லின் வேர் திராவிட மொழிகளில் இருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

சர்க்கரைக்கும் கண்டுக்கும் நாரத்தைக்கும் இந்த நாட்டுப் பெயரே கடல் கடந்து போயிருக்கிறது. புளிக்கு மட்டும் ஏன் போகவில்லை? நமக்குத் தோன்றுவது இது: கரும்புச்சாற்றைக் காய்ச்சி மணல் மணலாக்கிய சரக்கு அங்கே முன்பு இருந்ததில்லை, ஒப்பிட ஏதும் இல்லாததால் சரக்கோடு பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். புளிக்கோ பேரீச்சை கைவசம் இருந்தது. ஒத்த பொருள் கையில் இருந்தால் வணிகன் புதுப் பெயரைத் தேடுவதில்லை. விற்பனைக்குச் சுலபமான பெயரையே சொல்லுவான். ‘புளி’ என்று சொல்லி விளக்கிக்கொண்டிருப்பதைவிட ‘இந்தியப் பேரீச்சை’ என்று சொன்னால் பாக்தாத் வாடிக்கையாளருக்கு உடனே விளங்கும்.

இதில் நாம் மட்டும் கொடுத்தவர்கள் என்று பெருமை பேசவும் இடமில்லை. நமது பேரேட்டைத் திறந்து பார்த்தால் தெரியும். பாக்கி, வசூல், அசல், நகல், மகசூல் எல்லாம் அரபு மூலம் கொண்ட சொற்கள். ரசீதும் தராசும் பாரசீகத்திலிருந்து வந்தவை. நவாபு காலத்துக் கச்சேரிகளிலும் வரி வசூலிலும் புழங்கிய சொற்கள் கடைக்கும் வந்துவிட்டன. புளியை அவர்கள் சொல்லால் உலகம் கேட்கிறது. விற்ற புளிக்குரிய பாக்கியை நாமும் அவர்கள் சொல்லால்தான் கேட்கிறோம்.

‘இந்திய’ என்று இருமுறை

சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1753-இல் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டிய நூலில் புளிய மரத்துக்கு ‘தமரிந்துஸ் இந்திகா’ என்று பெயர் வைத்தார். முதற்சொல்லிலேயே ‘இந்திய’ இருக்கிறது. இரண்டாவது சொல்லிலும் ‘இந்திய’ வந்துவிட்டது. ஆக ‘இந்தியாவின் இந்தியப் பேரீச்சை’. வேடிக்கை அதோடு முடியவில்லை. புளிய மரத்தின் பூர்வீகம் வெப்ப ஆப்பிரிக்கா என்பதே தாவரவியலார் முடிவு. மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்து, காட்டிலும் மேட்டிலும் தானாக முளைத்து, சொந்த மரமாகிவிட்டது. பேரீச்சையும் அல்ல, பூர்வீகத்தால் இந்தியாவும் அல்ல. பெயரில் இரண்டு பிழை. ஆனாலும் அந்தப் பெயரில்தான் ஆண்டுதோறும் கப்பல் கப்பலாக ஏற்றுமதி நடக்கிறது.

ஸ்பானியர் புளியை மெக்சிகோவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே இன்று ‘தமரிந்தோ’ என்றால் அன்றாடம் குடிக்கும் குளிர்பானம், உறைப்பும் உப்பும் சேர்த்த மிட்டாய். மெக்சிகோ நகரத்துப் போக்குவரத்துப் போலீசார் ஒரு காலத்தில் பழுப்பு நிறச் சட்டை போட்டதால் மக்கள் அவர்களுக்கே ‘தமரிந்தோ’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 1830-களில் விற்பனைக்கு வந்த வூஸ்டர் சாஸ் என்னும் கறுப்புக் குழம்பிலும் புளி உண்டு. எகிப்திலும் சிரியாவிலும் ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும்போது குடிக்கும் புளிச் சர்பத்துக்கு இன்றும் ‘தமர் ஹிந்தி’ என்றே பெயர். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்தும் நமது பகுதியிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால், அங்கே கடைகளில் இந்தியப் புளிப் பொட்டலத்தின் மேல் அந்தப் பெயர் அரபு எழுத்தில் இருப்பதைச் சொல்வார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பெயர்ப்பலகை அது.

பெயர் மாறினால் வரியும் மாறும்

இதெல்லாம் படித்து ரசிக்கத்தானே, கடைக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. சரக்கை எந்த இனத்தில் பெயர் எழுதுகிறார்களோ, அதைப் பொறுத்தே வரி வருகிறது.

நமது கடையில் புளி நிற்கும் இடம் வற்றல், மல்லி, உப்புக்குப் பக்கத்தில். சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஆன அன்றாடச் சரக்கு. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நறுமணப் பொருள் வாரியத்தின் 52 சரக்குகள் கொண்ட பட்டியலிலும் புளி இருக்கிறது. ஆனால் சுங்கத்துக்கும் ஜி.எஸ்.டி.க்கும் அடிப்படையான சரக்கு வகைப்பாட்டில் புளி நிற்கும் தலைப்பு 0813. அது உலர் பழங்களுக்குரிய தலைப்பு. அரபியர் பேரீச்சையோடு சேர்த்து எண்ணிய சரக்கு, சர்வதேச வரிப் பட்டியலிலும் உலர் பழங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறது. பெயரால் வந்ததா, சரக்கின் தன்மையால் வந்ததா என்று வாதாடலாம். பலன் என்னவோ நம் தலையில் விடிந்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, உலர் பழத்துக்குரிய 12 சதவீதம் ஏழை வீட்டு ரசப் புளிக்கும் விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் உலர் புளிக்கு மட்டும் தனியாக 5 சதவீதம் என்று குறைத்தது. 2019 அக்டோபர் 1 முதல் உலர் புளிக்கு வரி முழுவதும் நீக்கப்பட்டது.

இரண்டேகால் ஆண்டில் ஒரே சரக்குக்கு மூன்று விகிதம். இந்தக் காலத்தில் பழைய இருப்பு, புதிய இருப்பு, பில் போட்ட விகிதம் ஆகியவற்றில் சிக்கிச் சிரமப்பட்ட சிறு வணிகர் பலர். இப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலக்கு உலர் புளிக்குத்தான். புளிக் கரைசல், புளிப் பேஸ்ட், புளிக்காய்ச்சல் எல்லாம் வேறு தலைப்பில் வரும் தயாரிப்புகள். ‘எல்லாம் புளிதானே’ என்று ஒரே விகிதத்தில் பில் போட்டால் கணக்காயரிடம் ஒருநாள் பதில் சொல்ல வேண்டிவரும்.

வனத்துறைக் கணக்கில் புளிக்கு இன்னொரு பெயர்: சிறு வனப் பொருள். 2013–14-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், பழங்குடியினர் சேகரிக்கும் சில வனப் பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்பட்டது. அவற்றுள் புளியும் ஒன்று. ஆக ஒரே புளி ஓரிடத்தில் நறுமணப் பொருள், ஓரிடத்தில் உலர் பழம், ஓரிடத்தில் வனப் பொருள். நம் கடைத் தகரத்தில் மட்டும்தான் அது புளி.

மண்டியிலும் பெயருக்குத்தான் விலை. ஆந்திரத்து ஹிந்துப்பூர் ஏலத்தில் ‘கரிப்புளி’, ‘பிளவர்’ என்று இரண்டு பெயர்களில் தனித்தனியே விலை சொல்வார்கள். கர்நாடகத்துத் தும்கூர், சத்தீஸ்கரின் ஜகதல்பூர் ஆகியவையும் பெரிய புளிச் சந்தைகள். நமது தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, நத்தம் பக்கத்துச் சரக்கு பேர் பெற்றது. தை, மாசி, பங்குனியில் உலுக்கி எடுக்கும் புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். நாளாக ஆக நிறம் கறுக்கும், ஈரம் சுண்டும், எடை குறையும். குளிர்சாதனக் கிடங்கில் வைத்தது நிறம் காக்கும். ஓட்டோடு கூடிய புளியில் கொட்டையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஓடும் நாரும் வேறு கழியும். இவ்வளவு வேறுபாடும் மண்டியில் பெயராகவும் விலையாகவும் இருக்கிறது. நமது கடைக்கு வந்ததும் எல்லாம் கலைந்து வெறும் ‘புளி’ ஆகிவிடுகிறது. ‘நல்ல புளியா அண்ணாச்சி?’ என்று வாடிக்கையாளர் கேட்டால் ‘நல்ல புளிதான்மா’ என்பதற்கு மேல் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருப்பதில்லை. எந்த ஊர்ச் சரக்கு, எந்தப் பருவத்துச் சரக்கு என்று மண்டிச் சீட்டில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் வணிகர் வெகு சிலரே. நமது கையிலிருந்து விலகிய பெயரைத்தான் பெரிய கம்பெனிகள் எடுத்துப் பளபளக்கும் பையில் அச்சடித்து, அதே புளியைக் கூடுதல் விலைக்கு நமது கடை வழியாகவே விற்கின்றன.

மற்றொரு எச்சரிக்கை. கேரளத்துக் கொடம்புளி வேறு சரக்கு; மீன் குழம்புக்கு ஆவது; மரமும் வேறு, விலையும் வேறு. அதையும் ஆங்கிலத்தில் ‘மலபார் டாமரிண்ட்’ என்று எழுதுவார்கள். வெளிமாநில வியாபாரியிடம் ஆங்கிலப் பெயரில் ஆர்டர் கொடுப்பவர்கள், நாம் கேட்பது எந்தப் புளி என்று தெளிவாக எழுதிக்கொள்வது நல்லது.

பொட்டலத்தில் எந்தப் பெயர்?

கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் கால் கிலோ, அரைக் கிலோ என்று புளியை நிறுத்துப் பாலிதீன் பையில் கட்டி அடுக்குவது நம் கடைகளில் வழக்கமாகிவிட்டது. மாலை நேர நெரிசலுக்கு அது வசதி. ஆனால் வாங்குபவர் எதிரில் இல்லாமல் முன்கூட்டியே நிறுத்துக் கட்டினால், சட்டத்தின் கண்ணில் அது ‘முன்கூட்டிக் கட்டிய பொட்டலம்’ ஆகிவிடும். வாடிக்கையாளர் கண் முன்னால் தராசில் போட்டுக் கட்டிக் கொடுப்பது அவ்வாறு ஆகாது. 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, பொட்டலத்தின் மேல் கட்டியவர் பெயரும் முகவரியும், சரக்கின் பொதுப் பெயரும், நிகர எடையும், கட்டிய மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட அதிகபட்ச விலையும், புகாருக்குத் தொடர்பு கொள்ளும் விவரமும் இருக்க வேண்டும். கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று குறிக்கும் முறையும் 2022-இல் சேர்ந்தது. உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், சைவச் சரக்கைக் காட்டும் பச்சைக் குறியும் தனி.

இதில் ‘சரக்கின் பொதுப் பெயர்’ என்ற இடத்தில்தான் நமது கட்டுரைக்குரிய செய்தி இருக்கிறது. விதிப்படி இந்த விவரங்கள் தேவநாகரி எழுத்தில் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. அதாவது செட்டியார்பட்டியில் ஒரு கடைக்காரர், பக்கத்து ஊர் மரத்துப் புளியை, பக்கத்துத் தெரு வாடிக்கையாளருக்காகக் கட்டினாலும், ‘புளி’ என்று மட்டும் எழுதினால் விதிப்படி போதாது. ‘இம்லி’ என்று ஹிந்தியில் எழுத வேண்டும். அல்லது ஆங்கிலத்தில் ‘டாமரிண்ட்’ என்று எழுத வேண்டும். பாக்தாத் வணிகர் வைத்த பெயர் ஐரோப்பாவைச் சுற்றி வந்து, சட்டத்தின் மூலம் நமது பையில் ஏறியிருக்கிறது.

ஸ்டிக்கர் அச்சிடுவோர் ஒரே தாளில் இரண்டையும் அடக்கித் தருகிறார்கள். மேலே பெரிய எழுத்தில் ‘புளி’ என்றும், அடுத்த வரியில் சட்டத்துக்கு வேண்டிய ஆங்கிலப் பெயரும், அதன் கீழ் விதிக்குரிய விவரங்களும் போட்டுக்கொள்ளலாம். ‘கொட்டை நீக்கியது’ அல்லது ‘கொட்டையுடன்’, ‘இந்த ஆண்டுச் சரக்கு’, ‘நத்தம்’ அல்லது ‘கிருஷ்ணகிரி’ என்று உண்மையாக உள்ளதைச் சேர்த்துக்கொள்ளவும் விதியில் தடையில்லை. கொட்டை நீக்கியது என்று போட்டுவிட்டுப் பையில் கொட்டை அகப்பட்டால் மட்டும் ஆய்வாளருக்கு முன்பே வாடிக்கையாளர் வந்துவிடுவார்.